மிஸ்டர் லிங்கனா, பாப்பா மெய்லாண்டா?

வாசனையுள்ள சிவப்பு ரோஜா ஒன்று வைக்கத்தான் இடம் என்றால், நர்சரியில் கேட்க வேண்டிய பெயர்கள் இவை. இரண்டும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. கிரைஸ்லர் இம்பீரியல், சார்லஸ் மல்லெரின் என்ற இரண்டு ரோஜா ரகங்களைக் கலந்து 1960-களில் அமெரிக்காவில் லிங்கனையும் பிரான்ஸில் பாப்பாவையும் உருவாக்கினார்கள்.

அழகில் பாப்பா ஒரு படி மேல். வெல்வெட் போன்ற கருஞ்சிவப்பு. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1988-இல் தன் உயர் கௌரவப் பட்டியலில் சேர்த்த ரகம் அது. வாசனையில் லிங்கனும் சளைத்ததல்ல.

சரி, செடி எப்படி? பாப்பாவுக்குச் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் சுலபமாக வரும். வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமோ கடற்காற்றின் ஈரம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை காயவே காயாது. கரும்புள்ளிக்கு அது போதும். லிங்கனுக்கும் வரும்தான், ஆனால் வேகமாகத் துளிர்த்து மீண்டுவிடும். அதனால் என் ஓட்டு லிங்கனுக்கு.

அதன் ஒரே தொல்லை உயரம். ஐந்தாறு அடி போகும். மொட்டை மாடியில் சின்னத் தொட்டி கதைக்கு ஆகாது; காற்றில் சாய்ந்துவிடும். பெரிய தொட்டியும் ஒரு குச்சியும் வேண்டும்.

எதை வைத்தாலும் உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லிலிருந்து ஊற்றாதீர்கள், இலை ஓரம் கருகும். மெட்ரோ வாட்டரில் ஒரு குடம் ஒதுக்குங்கள். கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில். மே மாத வெயிலில் இரண்டிலுமே பூ சிறுத்துவிடும். அப்போது உரம் போட்டு விரட்ட வேண்டாம்.