வேப்பா, இ-சிகரெட்டா, மின்சுருட்டா: எந்தப் பேர் ஒட்டும்?

பேட்டரியில் ஓடும் அந்தச் சின்னக் குழலுக்குத் தமிழில் இன்னும் ஒரே பேர் நிலைக்கவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்களுக்கு அது 'வேப்'. செய்தித்தாளில் 'இ-சிகரெட்'. சட்டத்தைத் தமிழில் விளக்குகிறவர்கள் 'மின்னணு சிகரெட்' என்கிறார்கள். தனித்தமிழில் பிடிப்புள்ளவர்கள் 'மின்சுருட்டு' என்று எழுதிப் பார்க்கிறார்கள். மேலப்பாளையமும் முக்கூடலும் பீடி சுற்றிப் பிழைத்த ஊர்கள். இழுக்கிற சாமானுக்கு எந்தப் பேர் சரி என்று சொல்ல நெல்லைக்காரனுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

வாயில் சுலபமாக வருவது 'வேப்'தான். ஆவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது 'வேப்பர்'. அதன் வாலை நறுக்கினால் வேப். வேடிக்கை என்னவென்றால், சாமான் கடைக்கு வருமுன்பே சொல் பிறந்துவிட்டது. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965இலேயே புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அது விற்பனைக்கு வரவில்லை. 1983இல் 'நியூ சொசைட்டி' என்ற பிரிட்டிஷ் இதழில் ராப் ஸ்டெப்னி, எரியாத சிகரெட் ஒன்று வந்து பழக்கமாகிவிட்டால் அதற்கு 'வேப்பிங்' என்று பேர் வரும் எனப் போகிறபோக்கில் எழுதினார். இன்றைய கருவியைச் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கியது 2003இல். 2014இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 'வேப்'பை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். (இங்கிலாந்து ஆக்ஸ்போர்டு. 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பேர் வாங்கிய நம்ம பாளைக்கு இதில் பங்கில்லை.)

சொல் சின்னது, சரி. ஆனால் அது சொல்வது பாதி உண்மைதான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகி, புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிக்கோட்டினும் வாசனையும் கலந்த திரவத்தைக் காய்ச்சுகிறது. வெளியே வருவது வெறும் ஆவி இல்லை. காற்றில் மிதக்கும் நுண்துளிகள், அவற்றோடு நிக்கோட்டின். 'ஆவி' என்று காதில் விழுந்ததும் சுத்தமான சங்கதி என்று தோன்றிவிடுகிறது. நம் பக்கத்தில் அப்படித் தோன்றக் காரணமும் இருக்கிறது. சளி பிடித்தால் நொச்சி இலையைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, பானையை முன்னால் வைத்துத் தலையோடு போர்வையை மூடி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். கண் எரியும், மூக்கு ஒழுகும், போர்வைக்குள் நொச்சி நெடி. அதுதான் வேது பிடிப்பது.

'வேது' என்ற அந்தச் சொல் இந்தக் கருவிக்கு அச்சாகப் பொருந்தும் என்று ஒரு ஆசை எனக்கே வந்தது. சூடும் இருக்கிறது, ஆவியும் இருக்கிறது, ஓசைகூட வேப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பேன். ஆச்சி வைத்தியத்தின் பேரை நிக்கோட்டின் சாமானுக்கு வைப்பது, வியாபாரிக்குக் காசு வாங்காமல் விளம்பரம் செய்து கொடுக்கிற மாதிரி.

மின்சுருட்டு பார்வைக்கு அழகு. சுருட்டு நம்ம சொல், ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனதும் அதுதான். சிகரெட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் சின்னச் சுருட்டு என்றுதான் பொருள், அதனால் சிகரெட்டை வெண்சுருட்டு என்றதில் பிழையில்லை. இதற்கு மட்டும் ஒட்டவில்லை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முடிக்கிற பெண்ணிடம் இந்தக் குழலைக் காட்டுங்கள். "இதுல எதைச் சுருட்டுனாவ?" என்று கேட்பாள். பதில் கிடையாது.

மின்னணுவா, இலத்திரனியலா என்பது சின்னச் சண்டை. முன்னது இங்கே, பின்னது இலங்கையில். விட்டுவிடலாம்.

இ-சிகரெட்டுக்கு வருவோம். முதலில் வந்த கருவிகள் சிகரெட் மாதிரியே இருந்தன, நுனியில் விளக்குக்கூட எரிந்தது. இப்போது வருவது பென் டிரைவ் மாதிரியும் ஹைலைட்டர் பேனா மாதிரியும் இருக்கிறது. அதனால் பையன்களுக்கு 'இ-சிகரெட்' பழைய பேச்சு. ஆனால் இந்தப் பேருக்கு ஒரு பலம் உண்டு: சட்டம் இதன் பக்கம் நிற்கிறது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமான மத்திய அரசின் தடை, நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கத் தரும் மின்னணுக் கருவியை இ-சிகரெட் என்றே கணக்கில் எடுக்கிறது. இ-ஹூக்காவும் அதில் அடக்கம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதுவானாலும் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். "இது சிகரெட் இல்ல அண்ணாச்சி, வேப்பு" என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது.

ஒரு சொல் ஊரில் ஊன்றிவிட்டதா என்று பார்க்க, அதோடு சேரும் வினையைக் கவனிக்கலாம். பீடி 'குடிக்கான்', சிகரெட் 'பிடிக்கான்', வேப் 'அடிக்கான்'. தண்ணியடிக்கிற வரிசையில் வேப் போய் உட்கார்ந்துவிட்டது. இ-சிகரெட்டுக்கு அப்படித் தனியாக ஒரு வினை அமையவில்லை. ஆச்சியிடம் மட்டும் 'வேப்பு' எடுபடாது. அவள் நினைப்பு வேப்பங்குச்சிக்குப் போய்விடும்.

ஆகப் பேச்சில் வேப்பை யாரும் அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். எழுத்தில் என் ஓட்டு இ-சிகரெட்டுக்கு. அதில் சிகரெட் ஒளிந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் என்றால் 'வேப் என்று பிள்ளைகள் சொல்லும் இ-சிகரெட்' என இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். முதல் சொல் பிள்ளைக்கு, இரண்டாவது அப்பனுக்கு. அப்புறம் பக்கத்தில் ஒரு படமும் ஒட்டிவிடுவது நல்லது. பைக்குள் பென் டிரைவ் மாதிரி கிடப்பதை எந்தப் பேரைச் சொல்லியும் வீட்டில் அடையாளம் காட்ட முடியாது.