ஒரே ஆர்டரில் நாலு பொருள்: ஷிப்பிங் கட்டணத்தை எந்த முறையில் போடுவது?

ஆன்லைன் கடையில் ஒரு பொருளுக்கு ஷிப்பிங் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. எடை பார்க்கிறோம், கூரியர் கட்டணம் பார்க்கிறோம், போடுகிறோம். அதே வாடிக்கையாளர் கார்ட்டில் நாலு பொருளைச் சேர்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. நாலுக்கும் தனித்தனியாகக் கேட்டால் செக்அவுட் வரை வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். ஒரே கட்டணம் என்றால் நம் கையைக் கடிக்கும்.

முறைகளை ஒப்பிடும் முன் கூரியர் செலவு எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம். அது பொருளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறுவதில்லை. ஸ்லாப் ஸ்லாப்பாக, அதாவது எடை வரம்பு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஏறுகிறது. அரை கிலோ ஸ்லாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் அரை கிலோவுக்கு 100, அதற்குமேல் ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவானாலும் சரி, விகிதம்தான் முக்கியம். விற்பது தலா 200 கிராம் எடையுள்ள மெல்லிய புத்தகங்கள், பேக்கிங் 30 கிராம். ஒன்றை அனுப்பினாலும் இரண்டை அனுப்பினாலும் நமக்குச் செலவு 100தான். மூன்று, நான்கு என்றால் 160. ஐந்து முதல் ஏழு வரை 220.

இனி முறைகளுக்கு வருவோம். பொருளுக்கு ஒரு கட்டணம் என்றால் மூன்று புத்தகத்துக்கு 300 கேட்போம், செலவோ 160. வாங்குபவருக்கு இது உடனே உறைக்கும். எல்லாம் ஒரே பெட்டியில்தானே வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில்தான் போயாக வேண்டும் என்ற பெரிய சாமான்களுக்கு மட்டுமே இந்த முறை நியாயம்.

ஆர்டருக்கு ஒரே கட்டணம் என்பது இதற்கு நேர் எதிர். வாங்குபவருக்குப் பிடிக்கும், நமக்கும் கணக்கு எளிது. ஆனால் 100 என்று வைத்தால் ஐந்து புத்தக ஆர்டரில் 120 நம் பாக்கெட்டிலிருந்து போகும். 160 என்று வைத்தால் ஒரே ஒரு புத்தகம் வாங்குபவர் எதற்கு இவ்வளவு என்று விலகிவிடுவார். காதணி, ஸ்டிக்கர் மாதிரி எத்தனை வாங்கினாலும் முதல் ஸ்லாப்பைத் தாண்டாத பொருள்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. மற்றவற்றுக்குச் சந்தேகம்தான்.

என் ஓட்டு மூன்றாவது முறைக்கு: முதல் பொருளுக்கு முழுக் கட்டணம், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை. நம் புத்தகக் கணக்கில் முதலாவதற்கு 100, பிறகு ஒவ்வொன்றுக்கும் 30 என்று போட்டுப் பாருங்கள். இரண்டுக்கு 130, மூன்றுக்கு 160, ஐந்துக்கு 220. மூன்றிலும் ஐந்திலும் செலவும் வரவும் சரியாகப் பொருந்துகின்றன. இரண்டிலும் நான்கிலும் 30 மிஞ்சுகிறது. அந்த மிச்சம் டேப்புக்கும் அட்டைப்பெட்டிக்கும் போய்விடும். எந்த எண்ணிக்கையிலும் நட்டம் இல்லை, வாங்குபவரும் பொருளுக்குப் பொருள் கட்டணம் கட்டியதாக நினைக்கமாட்டார். அந்த 30ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ஸ்லாப்பில் தோராயமாக எத்தனை பொருள் அடங்கும் என்று பார்த்து, அடுத்த ஸ்லாப்பின் கட்டணத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும். கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி தளத்தில் இந்த முறை நேரடியாகவே இருக்கிறது. வெவ்வேறு கட்டணமுள்ள பொருள்கள் ஒரே ஆர்டரில் வந்தால் அதிகபட்ச முதல்-பொருள் கட்டணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் கூடுதல்-பொருள் கட்டணத்தைச் சேர்க்கும்.

புத்தகம் அடர்த்தியான சரக்கு, அதனால் எடையோடு விஷயம் முடிந்தது. பீங்கான் கோப்பை விற்பவருக்கு அப்படி இல்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, பெட்டியின் அளவைக் கிலோ எடையாக மாற்றுவது கூரியர்களிடம் பரவலாக உள்ள வால்யூமெட்ரிக் கணக்கு. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். இரண்டு கோப்பைக்கு 28க்கு 15க்கு 12 என்ற பெட்டி என்றால் 1.008 கிலோ. எட்டு கிராம் கூடியதற்காக மூன்றாவது ஸ்லாப்புக்குப் போய்விட்டது! நீளத்தை 27 ஆக்கினால் 0.972, ஒரு ஸ்லாப் மிச்சம். கட்டண முறையை மாற்றுவதற்கு முன் பெட்டியை மாற்றிப் பார்ப்பது பல நேரம் லாபம்.

அப்படியானால் எடையை வைத்தே கட்டணம் போடலாமே, அல்லது கூரியரின் நேரடிக் கட்டணத்தையே செக்அவுட்டில் காட்டலாமே என்று தோன்றும். பத்து கிராமும் பத்து கிலோவும் ஒரே கடையில் இருந்தால் இதுதான் வழி. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் பேக்கிங்கோடு சேர்த்த எடையைப் பதிந்திருக்க வேண்டும். கணினி எடைகளைக் கூட்டிவிடும். நாலு பொருளும் எந்தப் பெட்டியில் அடங்கும் என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. கூரியர் இணைப்பு அறுந்துபோனால் காட்ட ஒரு மாற்றுக் கட்டணமும் வைத்திருக்க வேண்டும்.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் இலவசம் என்பதை நான் தனி முறையாகவே எண்ணுவதில்லை. மேலே சொன்ன எதன் மீதும் ஏற்றி வைக்கலாம். ஆனால் எல்லையைக் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது. ஷிப்பிங் செலவு 160, லாபம் நூற்றுக்கு 25 என்றால் 640க்கு விற்றால்தான் கூரியர் காசே தேறும். லாபம் அதற்கு மேல்தான். கனமான, விலை குறைந்த சரக்கு உள்ள கடைக்கு இது ஆபத்து. எல்லையைத் தொட இரண்டு வாங்கி, ஒன்றைத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. கூப்பன் கொடுப்பீர்கள் என்றால், எல்லைக்குப் பார்ப்பது தள்ளுபடிக்கு முந்தைய தொகையா பிந்தையதா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். ஆன்லைன் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளில் அதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது.

எந்த முறைக்குப் போனாலும் கலப்பு ஆர்டரைச் சோதித்துப் பாருங்கள். வூகாமர்ஸ் ஃப்ளாட் ரேட்டில் (நிலையான கட்டணம்) ஷிப்பிங் வகுப்புகளின், அதாவது நாம் பிரித்து வைத்த பொருள் வகைகளின் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கூட்டவும் செய்யலாம், அதிகமான ஒன்றை மட்டும் வாங்கவும் செய்யலாம். ஷாப்பிஃபை என்ற இன்னொரு கடைத் தளத்தில், வெவ்வேறு ஷிப்பிங் புரொஃபைலில் (கட்டண விதித் தொகுப்பில்) உள்ள பொருள்கள் ஒரே கார்ட்டில் சேர்ந்தால் கட்டணங்கள் பொதுவாகக் கூட்டப்படும். லேசான ஒன்று, கனமான ஒன்று, உடையக்கூடிய ஒன்று என மூன்றையும் நீங்களே கார்ட்டில் போட்டு, செக்அவுட்டில் வரும் தொகையைப் பெட்டி கட்டி எடை போட்ட செலவோடு ஒப்பிடுங்கள். தொகை இரு மடங்காக வந்தால், பெரும்பாலும் இந்த வகுப்பு, புரொஃபைல் அமைப்பில்தான் கோளாறு இருக்கும்.