சிங்கப்பூர் ஜூரோங் தீவு ஆலைகளின் ஃபயர் லைனுக்கு எச்டிபிஇ பைப் சரிவருமா?

மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய கார்பன் ஸ்டீல் ஃபயர் லைனை (தீயணைக்கும் தண்ணீர் போகும் பைப்) மாற்ற, பிஇ100 தர எச்டிபிஇதான் (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) எங்கள் முதல் தேர்வு. துருப் பிடிக்காது. உள்ளே துரு முடிச்சுகள் வளர்ந்து தண்ணீரை மறிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் தரைக்கு மேல் கொண்டுவரவே கூடாது, தீயில் உருகிவிடும். ஹைட்ரண்டுக்கு (தீயணைப்பு ஹோஸ் மாட்டும் குழாய்) ஏறும் துண்டு மண்ணுக்குள்ளேயே ஸ்டீலுக்கு மாறியாக வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணிலும் எச்டிபிஇ வேண்டாம், நாளடைவில் சுவர் இளகும். அங்கே ஜிஆர்இ (கண்ணாடி இழை சேர்த்த எப்பாக்ஸி) பைப் போடுங்கள்.

ஆர்டர் போடும்போதே பலர் சறுக்குகிறார்கள். எச்டிபிஇயில் சொல்லும் அளவு வெளிவிட்டம். 250 மி.மீ. ஸ்டீலுக்குப் பதிலாக 250 எஸ்டிஆர் 11 (வெளிவிட்டம் சுவர்த் தடிப்பைப்போல் 11 மடங்கு) வாங்கினால், இருபுறமும் 22.7 மி.மீ. சுவர் போக உள்ளே 205 மி.மீ.தான் மிஞ்சும். 315 வாங்கினால் 258 கிடைக்கும்.

அடுத்து வெப்பம். எஸ்டிஆர் 11க்குச் சொல்லும் 16 பார் அழுத்தம், 20 டிகிரிக்கான கணக்கு. நம் ஊர் மண்ணுக்கு 30 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும், 13.9 பார்தான் நிற்கும். 10 பார் பம்ப், வால்வு மூடியிருக்கும்போது 14 பார் வரை போகலாம். அப்படிப்பட்ட ஆலைக்குச் சுவர் தடித்த எஸ்டிஆர் 9 எடுங்கள். 315இல் உள்விட்டம் 245 ஆகக் குறையும் என்பதால் ஹைட்ராலிக் கணக்கை (தண்ணீர் ஓட்டம், அழுத்த இழப்பு) மறுபடி ஓட்டுங்கள்.

வெயிலில் சூடான பைப்பை நண்பகலில் பழைய லைனோடு இணைக்காதீர்கள். 100 மீட்டர் பைப் 20 டிகிரி ஆறினால் 30 செ.மீ.க்கு மேல் சுருங்கும். அழுத்தம் ஏறும்போதும் பைப் பக்கவாட்டில் விரிந்து நீளத்தில் குறுகும். இந்த இழுப்பில் பழைய லைனில் இருக்கும் செருகு மூட்டுகள் கழன்றுவிடும். வெல்டிங் நன்றாக இருந்தும் லைன் ஒழுகுவதற்கு இதுவே காரணம். முனையில் ஆங்கர் பிளாக் (பைப்பை நகராமல் பிடிக்கும் கான்கிரீட் கட்டை) கட்டாயம். ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மறுநாள் ஒருமுறை முறுக்குங்கள்.

மழை வந்தால் கூடாரம் இல்லாமல் ஃபியூஷன் (பைப்பை உருக்கி ஒட்டும்) வேலை தொடரக் கூடாது. எலெக்ட்ரோஃபியூஷனுக்கு (மின்கம்பி பதித்த இணைப்பால் ஒட்டும் முறை) பைப்பின் மேல்தோலைச் சுரண்டாமல் துணியால் மட்டும் துடைத்துவிட்டுப் போகும் சப்கானை (துணை ஒப்பந்தக்காரரை) நிறுத்திவையுங்கள். அந்த மூட்டு ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது.

அழுத்த டெஸ்ட்டில் கேஜ் இறங்கினால் உடனே தோண்டாதீர்கள். எச்டிபிஇ முதலில் விரியும். 4 மணி நேரம் தண்ணீர் ஊட்டி டெஸ்ட் அழுத்தத்திலேயே வையுங்கள். பிறகு 0.7 பார் குறைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். அந்தக் குறைத்த அழுத்தத்திலிருந்து மாற்றம் 5 சதவீதத்துக்குள் நின்றால் தேறியது.