குதிக்கால் நோவுக்கு 18,500 ரூபா குடுத்து ஏமாந்து நிக்கிறன், நீங்களும் மாட்டாதேங்கோ

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. 18,500 ரூபா. சீட்டு எடுத்த காசு. இண்டைக்கு மத்தியானம் என்ர நம்பரை புளொக் பண்ணிப்போட்டாங்கள்.

நான் கார்மென்ட்ஸில நிண்டு செய்யிற வேலை. நாலைஞ்சு மாசமா இடது குதிக்கால் நோ. காலமை பாயால எழும்பி முதல் அடி வைக்கேக்க ஆணியில மிதிச்ச மாதிரி இருக்கும். பத்தடி நடந்தாக் கொஞ்சம் விடும். பின்னேரம் பஸ்ஸால இறங்கேக்க திரும்பத் தொடங்கும். ஏ9 றோட்டோரம் ஒரு மண்டபத்தை ரெண்டு நாளைக்கு எடுத்து, 'இலவசக் கால் பரிசோதனை' எண்டு நோட்டீஸ் குடுத்துக்கொண்டு நிண்டவை. நோட்டீஸில அவையின்ர பேர் போடேல்லை. ஊர் ஊராத் திரிஞ்சு கால் தட்டு விக்கிற ஆக்கள் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. பரந்தனில இருந்து நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனனாங்கள்.

அந்தப் பெடியனை நினைச்சாத்தான் வயிறு எரியுது. 'இருங்கோ அக்கா' எண்டு கதிரை போட்டுத் தந்து, கீழ குந்தியிருந்து, புழுதியும் வெடிப்புமாக் கிடந்த என்ர காலைத் தூக்கித் தன்ர முழங்காலில வச்சான். நான் கூச்சத்தில இழுத்தன். 'என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் அக்கா' எண்டான். இந்த வயசுக்கு என்ர காலை ஒருத்தரும் அப்பிடிப் பிடிச்சுப் பாத்ததில்லை. அதிலயே விழுந்திட்டன். பிறகு ஒரு கறுப்புப் பலகையில ஏறி நிக்கச் சொன்னான். கொம்பியூட்டரில சிவப்பும் மஞ்சளுமா ரெண்டு பாதம். 'குதியில எலும்பு முள்ளு வளந்திருக்கு, விட்டா ஒப்பரேசன்தான்.' அதுக்குக் காந்தம் வச்ச தட்டு, செருப்புக்குள்ள வைக்கிறது, 18,500. 14 நாளில சுகமில்லையெண்டா காசு திரும்பவாம். எல்லாம் வாயால. துண்டில தொகை மட்டும்தான், பேரும் இல்லை, விலாசமும் இல்லை. நான் அதைப் பாக்கவே இல்லை.

ரெண்டு கிழமை போட்டன், நோ கூடினதுதான் மிச்சம். கோல் எடுத்தா ஒரு பிள்ளை கதைக்குது, 'நோ கூடினா தட்டு வேலை செய்யுது அக்கா.' அடுத்த கிழமை மனேஜர் கொழும்புக்குப் போட்டாராம். பிறகு தட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்லிச்சினம், போட்டன். 'பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கேலாது.' பாவிக்காமல் சுகம் வருமோ வராதோ எண்டு என்னெண்டு தெரியும்? நீல ரிக் விழுந்துது, பதில் இல்லை.

இதைக் கேளுங்கோ. நேற்று அக்கா தனக்குத் தந்த படத்தையும் கொண்டுவந்தா. ரெண்டையும் முற்றத்தில விரிச்சுப் பாத்தம். ஒரே படம். அதே இடத்தில அதே சிவப்பு. அக்காவுக்கு 2009இல செல்லடியில வலது கால் சின்ன விரல் போனது. படத்தில அஞ்சு விரலும் வடிவா இருக்கு! அக்கா சிரிச்சா, எனக்குச் சிரிப்பு வரேல்லை. அவவும் 18,500 குடுத்தவ. இண்டைக்கு ரெண்டு படத்தையும் அனுப்பிக் கேட்டன், அதோட புளொக்.

போன கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனன். முதலே போயிருக்கவேணும். டொக்டர் பெருவிரலால குதியின்ர உள்பக்கத்தை அமத்தினா, நான் கத்திப்போட்டன். குதி எலும்பில இருந்து விரலடிக்குப் போற சவ்வில பிரச்சினையாம். எலும்பு முள்ளு எக்ஸ்ரேயிலதான் தெரியும், பலகையில ஏறி நிண்டு பாக்கேலாது எண்டா. முள்ளு இருந்தும் நோ இல்லாத சனம் கனபேராம். பாயால எழும்ப முதல் துவாயைப் பாதத்தில மாட்டி இழுக்கிறது, சுவரைப் பிடிச்சுக் கெண்டைக்காலை நீட்டி 30 செக்கன் நிக்கிறது, ஐஸாக்கின தண்ணிப் போத்தலைப் பாதத்துக்குக் கீழ உருட்டுறது. வெறுங்காலோட சீமெந்து நிலத்தில நடக்கக்கூடாது. கனபேருக்கு ஒப்பரேசன் இல்லாமலே மாறுமாம், ஆனால் மாசக்கணக்கா எடுக்கும். எனக்குப் போனது பஸ் காசு மட்டும்.

என்னென்ன கவனிக்கவேணும் எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், சோறு வைக்க நேரமாச்சு. விலாசம் இல்லாத துண்டுக்குக் காசு குடுக்காதேங்கோ. காசு திரும்ப எண்டா எழுத்தில வாங்குங்கோ. சீனி வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காமல் செருப்புக்குள்ள ஒண்டும் வைக்கவேண்டாம், கால் விறைச்சிருந்தாப் புண் வந்தாலும் தெரியாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லலாம், ஆனால் பேரே தெரியாத ஆளுக்கு மேல என்னெண்டு முறைப்பாடு குடுக்கிறது?

அடுத்தது முல்லைத்தீவுப் பக்கம் எண்டு அந்தப் பெடியன் அண்டைக்குச் சொன்னவன். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் ஆக்கள், நோட்டீஸைக் கண்டா இதை வீட்டில காட்டுங்கோ.