ட்ரூல்ஸோடு மூன்று மாங்காய் சீசன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூரா ரக மாங்காய் லோடு வரிசைகட்டி நிற்கும். ரகம், பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), அழுகல் எல்லாம் பார்த்து விலையும் கழிவும் போட வேண்டும். முன்பு எல்லாமே ‘இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது’ என்று நிரலுக்குள்ளேயே எழுதும் இஃப்-எல்ஸ். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். அதனால்தான் விதிகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் பொருந்துவதை எடுத்து ஓட்டும் ட்ரூல்ஸ் என்ற மென்பொருளுக்கு மாறினோம்.

வேகத்தில் குறையே சொல்ல முடியாது. இப்போது 180 விதிகள் இருக்கின்றன. எடைமேடையிலிருந்து வண்டி இறங்குவதற்குள் விலை வந்துவிடுகிறது. இதற்கு அடித்தளம், சார்லஸ் ஃபோர்ஜி 1970களில் கார்னகி மெலனில் உருவாக்கிய ரெட்டே முறை. லத்தீனில் ரெட்டே என்றால் வலை. ‘ரகம் பெங்களூரா’ என்ற நிபந்தனை நாற்பது விதிகளில் இருந்தாலும் வலையில் அதற்கு ஒரே முடிச்சு, ஒரே சோதனை. பாதி பொருந்தியதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அழுகல் சதவீதத்தை மட்டும் திருத்தினால் அதைச் சார்ந்த விதிகளை மட்டும் மறுபடி பார்க்கும். ஆறாம் பதிப்பில் வந்த ஃப்ரீக் முறை, தேவைப்படும்வரை பொருத்திப் பார்ப்பதையே தள்ளிப்போடுகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: பொதுவான நிபந்தனைகளை எல்லா விதியிலும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில் எழுதினால்தான் அந்த முடிச்சைப் பங்குபோட முடியும்.

எங்களைப் படுத்தியது முன்னுரிமைதான். முதல் சீசனில் ஒரு சாயங்காலம், போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் ரசீதோடு வந்து நின்றார். “ஏம்பா, ஒரே காய்க்கு ரெண்டு தடவை கழிச்சிருக்கே?” அவர் காயில் பிரிக்ஸ் 12.5. பிரிக்ஸ் 14க்குக் கீழே போனால் கிலோவுக்கு 50 காசு, 13க்குக் கீழே போனால் 1 ரூபாய் என்று இரண்டு விதி எழுதியிருந்தேன். இரண்டாவதற்கு சேலியன்ஸ், அதாவது முன்னுரிமை எண், 20 கொடுத்திருந்ததால் அது மட்டும் ஓடும் என்று நம்பிவிட்டேன். ஆனால் சேலியன்ஸ் எது முதலில் ஓட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், மற்றதை நிறுத்தாது. இரண்டும் ஓடி 1.50 கழிந்திருந்தது. நாலு டன் லோடில் அவருக்கு 2,000 ரூபாய் நஷ்டம். அன்றைக்கே கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் கேட்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

அந்த வாரமே முதல் விதியை ‘13 முதல் 14க்குள்’ என்று இறுக்கினேன். ஒன்று ஓடினால் மற்றவை ஓடவே கூடாத இடங்களில் விதிகளை ஒரே ஆக்டிவேஷன் குரூப்பில் போட்டேன். முப்பதுக்கு மேல் இருந்த சேலியன்ஸ் எண்களில் இப்போது நான்குதான் மிச்சம். எந்த விதியால் எவ்வளவு கழிந்தது என்றும் ரசீதில் அச்சாகிறது.

அப்புறம் நினைவகம். வலை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பதால், முடிந்த லோடுகளை நாம்தான் எடுத்துவிட வேண்டும். அதை மறந்த நாட்களில் ராத்திரி ஷிஃப்டுக்குள் சர்வர் திணறும். இப்போது லோடு முடிந்ததும், அதன் விவரங்களை நினைவில் வைத்திருக்கும் செஷனை மூடிவிடுகிறோம்.

பத்துப் பதினைந்து விதிதான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும் என்றால் இஃப்-எல்ஸே போதும். எங்கள் ஆலையில் விலை தினமும் மாறுகிறது. அடுத்த சீசனுக்கும் ட்ரூல்ஸ்தான்.