பிரா அணிவதா, விடுவதா?

பிரா அணிந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு தரப்பு எச்சரிக்கிறது. அணியாவிட்டால் மார்பகம் தளர்ந்து தொங்கிவிடும் என்று இன்னொரு தரப்பு பயமுறுத்துகிறது. இரண்டு செய்தியும் ஒரே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஆகவே உடல்நலத்தைக் காட்டி ஒரு பெண்ணை அணியச் சொல்லவும் வேண்டாம், கழற்றச் சொல்லவும் வேண்டாம். எந்த உடலுக்கு, எந்த வேலைக்கு, எந்த வெயிலுக்கு எது வசதி என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அதை நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

புற்றுநோய்ப் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். 1995-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகம்தான் இதைப் பெரிதாகப் பரப்பியது. இறுக்கமான பிரா, திசுக்களிலிருந்து வடியும் நிணநீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது, அதனால் நச்சுகள் மார்பகத்திலேயே தேங்குகின்றன என்பது அதன் வாதம். ஆனால் மார்பக நிணநீரின் பெரும்பகுதி மேல்நோக்கி அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. பிராவின் அடிப்பட்டை இருக்கும் திசையில் அல்ல. அந்தப் புத்தகம் புற்றுநோய்க்கு வழக்கமான காரணங்களான வயது, உடல் எடை, பிரசவ விவரம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. 2014-ல் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு இதை முறையாகச் சோதித்தது. 55 முதல் 74 வயது வரையிலான பெண்களில் மார்பகப் புற்றுநோய் வந்த 1,044 பேரையும் வராத 469 பேரையும் ஒப்பிட்டார்கள். கப் அளவு என்ன, நாளுக்கு எத்தனை மணி நேரம் அணிந்தார்கள், கம்பி வைத்ததா, எந்த வயதில் அணியத் தொடங்கினார்கள் என்று கேட்டார்கள். எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. கறுப்பு பிராவோடு வெயிலில் போனால் புற்றுநோய் வரும் என்ற செய்திக்கு இந்த அளவு வாதம்கூடக் கிடையாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகளாவிய புற்றுநோய்க் கணக்கீடு சொல்கிறது. வயது, குடும்பத்தில் வரும் மரபணு மாற்றம், மாதவிடாய் நின்றபிறகு கூடும் உடல் எடை, மது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. பிராவைக் குறைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று ஒரு பெண் நிம்மதியடைந்து, மார்பில் தட்டுப்படும் வலியில்லாத கட்டியை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த வதந்தி உயிரைக் குடிக்கும்.

தளர்ச்சிக்கு வருவோம். மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. தோலும், உள்ளே ஓடும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் தாங்குகின்றன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பிரையன் ரிங்கரும் குழுவினரும் 132 பெண்களிடம் தளர்ச்சிக்குக் காரணம் தேடியபோது வயது, உடல் பருமன், கர்ப்பங்களின் எண்ணிக்கை, கர்ப்பத்துக்கு முன்பே பெரிதாக இருந்த மார்பகம், புகைபிடித்தல் ஆகியவை தென்பட்டன. தாய்ப்பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை. பால் கொடுத்தால் அழகு போய்விடும் என்று பயப்படும் இளம் தாய்மார்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பிரா வேண்டாம் என்பவர்கள் பிரான்சின் பெசான்சோனைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் ழான்-டெனி ரூயோனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். சுமார் 330 பெண்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த அவர், பிரா அணிவதால் மார்பகத்துக்கு மருத்துவ ரீதியாகவோ உடற்கூறு ரீதியாகவோ பலன் இல்லை என்று 2013-ல் பேட்டி கொடுத்தார். அணியாதவர்களின் மார்பகம் சற்று மேலேறியது என்றும் சொன்னார். ஆனால் அவர் பார்த்தவர்கள் 18 முதல் 35 வயது வரையிலானவர்கள். முடிவுகள் ஆரம்பநிலையில் உள்ளவை, எல்லாப் பெண்களுக்கும் பொருத்தக் கூடாது என்று அவரே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுத் தலைப்பு மட்டும் உலகைச் சுற்றியது.

நம் ஊரில் சாட்சிக்கு வருபவர் பாட்டி. "எங்கள் பாட்டி ரவிக்கைகூடப் போட்டதில்லை, அவருக்கா புற்றுநோய் வந்தது?" என்று ஒருவர் கேட்பார். "அதனால்தானே பாட்டிக்கு அப்படித் தளர்ந்திருந்தது" என்று இன்னொருவர் சொல்வார். பாட்டியின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் இரண்டும் நிற்காது. இளம் வயதிலேயே முதல் பிரசவம், வரிசையாகப் பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நீண்ட காலம் தாய்ப்பால் என்று இருந்தவர் அவர். இவை மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பவை. அதே பல பிரசவங்கள்தான் தளர்ச்சிக்கும் காரணம். புற்றுநோய் அதிகம் வரும் வயதை எட்டாமலேயே அந்தத் தலைமுறையில் பலர் இறந்தும் போனார்கள். இதில் துணிக்குப் பங்கு இருந்ததாக எதை வைத்துச் சொல்வது?

நோயும் தளர்ச்சியும் விலகினால் மிஞ்சுவது வசதி. இங்குதான் ஒவ்வொரு தெரிவுக்கும் உண்மையான நிறை குறை இருக்கிறது.

எதுவும் அணியாமல் இருப்பது சிறிய மார்பகம் உள்ளவர்களுக்கு வீட்டில் முழு நிம்மதி. சித்திரை வெயிலில் நைட்டியோடு சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு மார்பைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் குறைவது பெரிய விடுதலைதான். இரவில் அணிந்து தூங்குவதால் பலன் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை, கேடும் இல்லை, வசதிபோலச் செய்யலாம். பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. ஒரு பக்கமே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கலாம். தாங்கல் இல்லாமல் நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் கழுத்தும் மேல்முதுகும் வலிக்கக்கூடும். மார்பின் அடித்தோல் வயிற்றுத் தோலோடு ஒட்டி வியர்வை தேங்கும் இடத்தில் சிவந்து, அரித்து, பூஞ்சைத் தொற்றும் வரும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் எளிதாக வரும். இவர்களுக்கு மெல்லிய பருத்தி பிரா இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு துணியாக நின்றாலே உதவிதான்.

கம்பியில்லாத சாதாரண பருத்தி பிரா பெரும்பாலான பெண்களின் அன்றாட உடை. அதன்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதிக்கு மேல் அளவுக் குறைகள் என்பது என் எண்ணம். 2008-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பங்கெடுத்த 30 இளம் பெண்களில் 80 சதவீதம் பேர் தவறான அளவு அணிந்திருந்தார்கள். 70 சதவீதம் பேருக்கு அது சிறியது, 10 சதவீதம் பேருக்குப் பெரியது. நம் கடைத்தெருவில் அளந்தால் கணக்கு இதைவிட நன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் நிற்கிறார். "என்ன சைஸ் அக்கா?" என்று கேட்கிறார். சுற்றிலும் ஆட்கள். குரலைத் தாழ்த்தி "முப்பத்தாறு" என்று சொல்லி, காகிதத்தில் சுற்றித் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கப் எழுத்தை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் பி கப்தான். அதே முப்பத்தாறை கல்லூரிக் காலத்திலிருந்து இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் வாங்குகிறோம்.

அளப்பது கடினமில்லை. மார்புக்குச் சற்றுக் கீழே உடலைச் சுற்றி நாடாவை ஒட்டி அளந்தால் பட்டை அளவு. மார்பின் உச்சியில் தளர்வாக அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தால் கப்: ஓர் அங்குலம் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும், ஆகவே போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். புதிதாக வாங்கும்போது மிகத் தளர்வான கொக்கி வரிசையில் பட்டை சரியாகப் பிடிக்க வேண்டும்; துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் நெகிழும்போது உள்வரிசைக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், கையே நுழைந்தால் பெரியது. கைகளை மேலே தூக்கும்போது பட்டை முதுகில் ஏறினால் தாங்கல் இல்லை என்று பொருள். எடையைத் தாங்க வேண்டியது இந்தப் பட்டைதான், தோள்வார் அல்ல. பட்டை தளர்ந்திருந்தால் வாரை இழுத்து இறுக்குகிறோம், எடை முழுவதும் தோளில் இறங்குகிறது. தோளில் பள்ளம் விழுந்து, கழுத்து வலித்து, சிலருக்குக் கைவிரல்கூட மரத்துப்போகிறது. 36 பி-யில் பட்டை மட்டும் தளர்வாக இருந்தால் 34 பி-க்குப் போகக் கூடாது; கப் சிறுத்துவிடும். 34 சி-தான் அதே கொள்ளளவு. கடைக்காரர் பலருக்கே இது தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கொடிகளில் வேட்டி, பனியன், ஜட்டி எல்லாம் வெயிலில் ஆடும். பிரா மட்டும் உள்பாவாடைக்கு அடியில், துண்டுக்கு அடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயும். உண்மையில் அது காய்வதில்லை. மடித்துத் தைத்த அடிப்பட்டையும் பஞ்சு வைத்த கப்பும் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும் பகுதிகள். அடைமழைக் காலத்தில் அந்த அரை ஈரத்தையே மறுநாள் அணிகிறோம். பிறகு மார்புக்கடியில் படை, அரிப்பு. "பிரா எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். எத்தனை பெண்களுக்குத் துணியைவிட இந்த ஒளித்து வைத்தல் தொல்லை கொடுத்திருக்கிறது! வெயிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி காயப் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

கம்பி வைத்த பிரா கனத்த மார்பகத்தைப் பட்டுப்புடவை ஜாக்கெட்டுக்குள் நல்ல வடிவில் நிறுத்தும். கம்பி மார்பகத்தைச் சுற்றி விலா எலும்பின்மேல் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. மார்பகத் திசுவின்மேல் ஏறினால் வலிக்கும், தோல் கன்றும். பால் கொடுக்கும் காலத்தில் கம்பியும் இறுக்கமும் ஒரே இடத்தை அழுத்திப் பால்கட்டக் காரணமாகலாம் என்பதால் அப்போது அகலப் பட்டையுள்ள, முன்பக்கம் திறக்கும் மென்மையான பிராவே மேல். மார்பக அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறி வருபவர்களுக்கும் அப்படித்தான். மேலே தூக்கிக் காட்டும் பஞ்சு பிராக்கள் தோற்றத்துக்கானவை, அவற்றைப் பற்றி உடல்நலக் கோணத்தில் சொல்ல அதிகம் இல்லை.

சிம்மீஸும், கப் வைத்துத் தைத்த ஜாக்கெட்டும் நடுவழி. கப் வைத்த ஜாக்கெட்டில் பிராவின் கொக்கியும் வாரும் இல்லை, வெயிலுக்கு ஓரடுக்கு குறைவு. தையல்காரர் உடம்புக்கு அளந்து தைப்பதால் பல நேரங்களில் கடை பிராவைவிடப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் ஜாக்கெட்டில் எலாஸ்டிக் இல்லை; மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பகம் வீங்கினால் அது நெகிழ்ந்து கொடுக்காது.

விளையாட்டு பிராதான் இந்த ஒப்பீட்டில் மருத்துவ ஆதாரம் நன்றாக உள்ள தெரிவு. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜோவானா ஸ்கர் தலைமையிலான குழு இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறது. லண்டன் மாரத்தானில் ஓடிய 1,285 பெண்களிடம் கேட்டபோது மூன்றில் ஒருவருக்கு மார்பக வலி இருந்தது. 2000-ல் வெளியான வேறோர் ஆய்வில் மார்பக வலியோடு வந்த 200 பெண்களில் ஒரு பாதிக்கு டானசால் என்ற ஹார்மோன் மாத்திரையும் மறுபாதிக்கு விளையாட்டு பிராவும் கொடுத்தார்கள். மாத்திரையில் 58 சதவீதம் பேருக்கும் பிராவில் 85 சதவீதம் பேருக்கும் வலி தணிந்தது. மாத்திரைக்குப் பக்கவிளைவுகள் உண்டு, பிராவுக்கு விலை மட்டும்தான். மாதவிடாய்க்கு முன் மார்பு கனத்து வலிப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டு பிராவில் இரண்டு மார்பகங்களையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்தும் வகை சிறிய மார்பகத்துக்குப் போதும். பெரிய மார்பகத்தைத் தனித்தனிக் கப் உள்ளதுதான் அசையாமல் பிடித்து நிறுத்தும். ஓடி முடித்ததும் கழற்றிவிட வேண்டும், வியர்வையோடு ஊறக் கூடாது.

இதே போர்ட்ஸ்மவுத் குழு 11 முதல் 18 வயது வரையிலான 2,089 பள்ளி மாணவிகளிடமும் கேட்டது. கிட்டத்தட்டப் பாதிப் பேர், மார்பகத்தால் தங்கள் விளையாட்டு பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விளையாட்டு பிரா அணிந்ததே இல்லை. நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை கோகோவும் கபடியும் ஆடிய பெண், ஒன்பதாம் வகுப்பில் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட்டைப் பூட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். காரணம் கேட்டால் தலைவலி என்பாள். அவளிடம் பிராவைப் பற்றி யாராவது ஒருவர், அம்மாவோ அத்தையோ உடற்கல்வி ஆசிரியையோ, நேராகப் பேசியிருந்தால் அவள் ஆட்டத்தில் இருந்திருக்கக்கூடும். முதல் பிரா வாங்கும்போது பெரியவர்களே குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லி வாங்கிவராமல் பெண்ணையும் அழைத்துப் போங்கள். வீட்டிலேயே நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போனால் கடையில் கூச்சப்பட வேண்டியதில்லை. அன்றாடத்துக்கு மென்மையான பருத்தி பிரா இரண்டு மூன்று, விளையாட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றை உடை மாற்றும் அறையில் போட்டுக் குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவாள். மறுபடி அளக்க வேண்டும்.