ரெண்டு பொண்ணுங்க ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கப் போனோம், பேங்க் சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னா

நானும் என் துணையும் சென்னைல ஒன்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். வாடகை, கரண்ட் பில், அவங்க அம்மாவோட சுகர் மாத்திரை எல்லாம் ரெண்டு பேர் சம்பளத்துலயும்தான் ஓடுது, ஆனா அக்கவுண்ட் மட்டும் தனித்தனி. 2024 ஆகஸ்ட் 28 அன்னைக்கு நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் குடுத்துச்சு, பால்புதுமையர் (எல்ஜிபிடிக்யூ மக்கள்) ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கவோ துணைய நாமினியா போடவோ எந்தத் தடையும் இல்லன்னு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் இதையே சொல்லியிருந்துச்சு. ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரியே அந்தப் பக்கத்த பிரிண்ட் போட்டு வச்சிக்கிட்டோம்.

முதல்ல வீட்டுப் பக்கத்துல இருக்கற கிளைக்குப் போனோம், பேங்க் பேர் வேண்டாம். கவுண்டர்ல இருந்தவர் ஃபாரத்துல உறவுமுறை கட்டத்துல பேனாவ வச்சிக்கிட்டு, "சிஸ்டர்ஸா?"ன்னு கேட்டார், இல்ல சார்னேன், "அப்ப கசினா?"ன்னார், பார்ட்னர்னு சொன்னதுக்கு "பிசினஸ்னா கரண்ட் அக்கவுண்ட்மா, ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?"ன்னு கேட்டார். அவர் மேல எனக்கு அப்ப கோபமே வரல, நிஜமா தெரியாமதான் கேட்டார். என் துணைதான் மெதுவா, நாங்க ஒண்ணா வாழறோம் சார்னு சொன்னா. அவர் ஃபாரத்த எங்க பக்கமே தள்ளிட்டு மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டார். அடுத்த வாரம் போனா மேனேஜர், மேரேஜ் சர்டிபிகேட் இல்லாம ஆகாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். கோபம் வந்தது அப்பதான். எந்த ரெண்டு பேரும் ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கலாம், அண்ணன் தம்பி, ஃப்ரெண்ட்ஸ் யாரா இருந்தாலும், யார்கிட்டயும் கல்யாண சர்டிபிகேட் கேக்கறதில்ல. பிரிண்ட நீட்டினேன், கையில கூட வாங்கல. வெளிய வந்து பைக் ஸ்டாண்ட்ல நின்னு அவ அழுததுதான் இன்னும் கண்ணுலயே இருக்கு.

ரெண்டாவது வேற பேங்க், வேற ஏரியா. அம்பது வயசு இருக்கும் அந்த மேடத்துக்கு, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு பிரிண்ட முழுசா படிச்சாங்க, "இதுக்கு லெட்டரே தேவையில்லம்மா, உக்காருங்க"ன்னாங்க. உறவுமுறை கட்டம் வந்ததும் நிறுத்தி, ஃப்ரெண்டுன்னு போடவா பார்ட்னர்னு போடவான்னு எங்களையே கேட்டாங்க. பார்ட்னர்னே போடுங்க மேடம்னு சொன்னோம், அப்படியே எழுதினாங்க. ஆதார், பான், போட்டோ, கையெழுத்து, நாப்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. எங்க ரெண்டு பேர் பேரும் ஒரே காகிதத்துல அச்சாகி வந்தது அந்த பாஸ்புக்லதான் முதல் தடவை, வாடகை அக்ரிமெண்ட்ல கூட என் பேர் மட்டும்தான் இருக்கு. அந்த மேடத்துக்காக இந்த கிளைக்கு அஞ்சுக்கு அஞ்சு, முதல் கிளைக்கு ஒண்ணு குடுக்கவே மனசில்ல.

ஆனா அக்கவுண்ட் கிடைச்சதால எல்லாம் கிடைச்ச மாதிரின்னு யாரும் நினைச்சிடாதீங்க. வீடு வாங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்காக அவ சேமிப்புல இருந்து 2,40,000 ரூபா என் தனி அக்கவுண்டுக்கு அனுப்பினா. ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரத்துல ஆடிட்டர் சார் இது யார் குடுத்தது, என்ன உறவுன்னு கேட்டார். வருமான வரிச் சட்டத்துல ஒரு விதி இருக்கு, உறவுக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல பணம் வந்தா மொத்தத் தொகையும் நம்ம வருமானம்னு கணக்கு, மேல வர தொகை மட்டும் இல்ல, மொத்தமும். புருஷன் பொண்டாட்டின்னா எவ்ளோ குடுத்தாலும் வாங்கறவங்களுக்கு வரி கிடையாது. அந்தப் பணத்த முதலீடு பண்ணி வர வருமானத்த குடுத்தவங்க கணக்குல சேத்துடுவாங்கன்னு இன்னொரு விதியும் இருக்கு, அந்தப் பொறுப்பும் சேத்தே எங்களுக்கு வரட்டும், நாங்க ஓடி ஒளியல. கடைசில ஆடிட்டர் சொல்படி அவ எனக்கு கடன் குடுத்ததா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டோம். ஒன்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க கடன்காரியும் கடன் குடுத்தவளும்னு எழுதிக்கிட்டோம். அவரும் பாவம், தலைய குனிஞ்சிக்கிட்டேதான் டைப் பண்ணார். இதே விதிய எதிர்த்து ஒரு தன்பாலின ஜோடி பம்பாய் ஹைகோர்ட்ல கேஸ் போட்டிருக்காங்க, 2025 ஆகஸ்ட்ல கோர்ட் அத விசாரணைக்கு எடுத்துச்சு. எங்க வீட்டுல அந்தச் செய்திய திரும்பத் திரும்ப படிச்சோம்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் வரிச்சலுகையும் அப்படித்தான், கணவன் மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்களுக்கு கட்டினா கழிக்கலாம், அவளுக்காக நான் கட்டறத கழிக்க முடியாது. 2023 அக்டோபர் 17 சுப்ரீம் கோர்ட் எங்கள மாதிரி தன்பாலின ஜோடிகளுக்கு கல்யாண உரிமைய குடுக்காம பார்லிமெண்ட் பக்கம் தள்ளிவிட்டதோட விலை இதெல்லாம்தான். 2025 மே மாசம் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட், குடும்பம் அமைக்க கல்யாணம் மட்டுமே வழி இல்லன்னு சொல்லிச்சு, அத கேட்டு எங்களுக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு, ஆனா வரி ஃபாரத்துல அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கட்டம் வரல.

அக்கவுண்ட் திறக்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். எய்தர் ஆர் சர்வைவர்னு கேட்டு டிக் பண்ணுங்க, ஒருத்தருக்கு ஏதாவது ஆனா இன்னொருத்தர் பணம் எடுக்கலாம், ஜாயின்ட்லின்னு போட்டா எல்லாத்துக்கும் ரெண்டு கையெழுத்து வேணும். அப்புறம், நாமினின்னா வாரிசுன்னு அர்த்தம் இல்ல, பேங்க் பணத்த அவங்க கையில குடுக்கும் அவ்ளோதான், சட்டப்படி வாரிசுங்க வந்து கேக்கலாம். அதனால உயில் எழுதி ரெஜிஸ்டர் பண்ணிடுங்க. நாங்க போன மாசம்தான் எழுதினோம், சாட்சிக் கையெழுத்து போட எங்க அக்கா ஊருல இருந்து பஸ் ஏறி வந்தா.